செல்வன் செலவன் ஆன கதை



ஆபீஸ்ல ஆணி அதிகம். அதான் ரெண்டு மாசமா இந்தக் கடையைத் திறக்கவே இல்ல. இன்னிக்கு எழுதப்போறது ஒரு வரலாற்றுப் பதிவு. வரலாறுன்னதும் ராஜராஜன், ராஜேந்திரன்னு நெனச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது 1987ல ஆரம்பிக்கிற வரலாறு. எங்க அப்பாவோட பழைய லேப்டாப்புக்கு ஒரு 4கே மானிட்டரை மாட்டப் போய், 'இது ஏன் ஏற மாட்டேங்குது'ன்னு தோண்டித் தோண்டிப் படிச்சது.

முதல்ல வீட்டுக் கதையைச் சொல்லிடறேன். அது தெரியாம மீதி புரியாது.

அப்பா கும்பகோணம் பக்கத்துல சின்னதா ஒரு டிடிபி கடை வச்சிருக்கார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அடிச்சு, லே-அவுட் பண்ணி, பிரஸ்ஸுக்கு அனுப்புவார். பேஜ்மேக்கர்தான் அவருக்கு எல்லாம். அதோட கடைசிப் பதிப்பு 7.0 வந்தது 2001ல. இருந்தாலும் நம்ம ஊர் டிடிபி கடைகள்ல அது சாகவே இல்ல.

போன தை மாசம் ஒரு கல்யாணப் பத்திரிகை. 'திருநிறைச்செல்வன்'னு வரவேண்டிய இடத்துல 'ல்' மேல இருக்கற புள்ளி விழுந்துபோச்சு. 'திருநிறைச்செலவன்'. 500 பத்திரிகை அச்சாகி, மஞ்சள் தடவி, பாதி ஊருக்குக் கொடுத்த பிறகுதான் பொண்ணு வீட்டுல யாரோ ஒரு வாத்தியார் கண்டுபிடிச்சிருக்கார். மாப்பிள்ளையோட சித்தப்பா கடைக்கே வந்து நின்னுட்டார். 'கல்யாணத்துக்கு முன்னாடியே செலவன்னு போட்டுட்டீங்களே'ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாராம். ஆனா அப்பாவுக்கு சிரிப்பு வரல. கைக்காசுல 500 பத்திரிகை மறுபடி அடிச்சுக் கொடுத்தார். அன்னிக்கு ராத்திரி எனக்கு போன்.

"கண்ணு போச்சுடா தம்பி. கடையை மூடிடலாம்னு பாக்கறேன்."

அவ்வளவுதான் சொன்னார். இருபத்தஞ்சு வருஷமா நடத்தின கடை. நான் படிச்சது அந்தக் கடையில.

கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி பவர் கொஞ்சம் மாத்தினாங்க. வேற பெரிய கோளாறு இல்லன்னு சொல்லிட்டாங்க. அப்பத்தான் எனக்கு அந்தப் பொட்டி மேல சந்தேகம் வந்துச்சு.

ஒரு சின்னக் கணக்கு பாருங்க. அந்த லேப்டாப் 14 இன்ச், 1366 × 768. ஒரு ஏ4 பக்கம் முழுசா தெரியற மாதிரி வச்சா, மெனு, டாஸ்க்பார் எல்லாம் போக, உயரத்துல சுமார் 650 பிக்சல்தான் பக்கத்துக்கு மிஞ்சும். பக்கத்தோட உயரம் 11.7 இன்ச். அப்போ ஒரு இன்ச்சுக்கு 55 பிக்சல். 10 பாயிண்ட் எழுத்துக்கு மொத்தமே 7 அல்லது 8 பிக்சல். இந்த எட்டுக்குள்ள 'ணை'யும் அடங்கணும், 'ழு'வும் அடங்கணும், மேல புள்ளியும் வரணும். எங்கேருந்து வரும்? இங்கிலீஷ் எழுத்து எட்டு பிக்சல்ல தப்பிச்சிடும். தமிழ் தப்பிக்காது. அப்பா பெரிசு பண்ணிப் பாக்கலாமேன்னு கேப்பீங்க. பண்ணுவார். பண்ணினா பக்கம் துண்டு துண்டா தெரியும், நகர்த்தி நகர்த்திப் பாக்கும்போது ஒரு வரி விட்டுப்போகும். விட்டுப்போன வரியிலதான் நம்ம செல்வன் இருந்திருக்கான்.

ஆக கண்ணுக்குப் புள்ளி தெரியலன்னா, ஸ்கிரீன்ல புள்ளி வேணும். போனஸ் காசுல ஒரு 27 இன்ச் 4கே மானிட்டர் வாங்கினேன். 3840 × 2160. இதுல அதே பக்கத்துல அதே எழுத்துக்கு 23, 24 பிக்சல் கிடைக்கும். மூணு மடங்கு!

'புது லேப்டாப்பே வாங்கிக் கொடுத்திருக்கலாமே'ன்னு நெனக்கிறவங்களுக்கு: முயற்சி பண்ணினேன். அப்பாவோட தமிழ் டைப்பிங் மென்பொருளுக்கு ஒரு யூஎஸ்பி பூட்டு உண்டு. அந்தக் குச்சியைச் சொருகினாத்தான் வேலை செய்யும். அந்தக் குச்சியோட டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு மட்டும். எழுத்துருக்கள் எல்லாம் யூனிகோடுக்கு முந்தின காலத்து ஆசாமிகள். இருபது வருஷ ஃபைல் எல்லாம் அதுல. 2010ல தமிழக அரசு யூனிகோடுதான் இனிமே தரம்னு ஆணை போட்டுச்சு. ஆனா கும்பாபிஷேக நோட்டீஸ் அடிக்கிறவங்க யாரும் அரசாணை படிக்கிறதில்ல. அதனால 2011ல வந்த அந்த ஆபீஸ் மாடல் லேப்டாப், நான் காலேஜ் சேர்ந்தப்போ ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டாங்கையா வாங்கினது, அதுதான் இருந்தாகணும்.

மாட்டினேன். 2560 × 1440க்கு மேல போக மாட்டேன்னுடுச்சு. 4கே ஸ்கிரீன்ல அதை நீட்டிக் காட்டும்போது ஒரு பிக்சலை ஒன்றரை பிக்சலுக்குப் பங்கு போட வேண்டியிருக்கு. விளைவு, புள்ளி இருக்கு, ஆனா மூக்குக் கண்ணாடியைத் துடைக்காம பாத்த மாதிரி இருக்கு.

நான் ஒரு மென்பொருள் இன்ஜினியர். 'கிராபிக்ஸ் பவர் பத்தல'ன்னுதான் முதல்ல நெனச்சேன். தப்பு. அந்த சிப்புக்கு 4கே படத்தை வரையத் தெம்பு இருக்கு. வெளிய அனுப்பத்தான் வழி இல்ல. வீடு பெருசு, வாசல் சின்னது. இந்த வாசலோட கதைதான் இனிமே.

* * *

1987 ஏப்ரல். ஐபிஎம் தன்னோட பிஎஸ்/2 கம்ப்யூட்டரோட விஜிஏவைக் கொண்டுவந்துச்சு. 640 × 480, 16 நிறம். அந்த நீல நிற 15 பின் சொருகியை நம்மள்ல பலபேர் ஸ்க்ரூவைத் திருகித் திருகி விரல் தேஞ்சிருப்போம்.

இங்க ஒரு நம்பர் முக்கியம். விஜிஏவோட பிக்சல் க்ளாக் 25.175 மெகாஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு சுமார் இரண்டரைக் கோடி பிக்சல் வாசலைத் தாண்டுது. ஆனா 640 × 480ஐ 60 தடவை பெருக்கிப் பாருங்க, 1 கோடியே 84 லட்சம்தான் வரும். மீதி எங்க போச்சு?

காலியாப் போச்சு. அந்தக் காலத்து மானிட்டர்ல உள்ள ஒரு எலக்ட்ரான் துப்பாக்கி. இடமிருந்து வலம் ஒரு வரி சுட்டு முடிச்சதும், மறுபடி இடது பக்கம் திரும்பி வரணும். டைப்ரைட்டர்ல வரி முடிஞ்சதும் வண்டியை 'டிங்'னு தள்ளுவோமே, அதே மாதிரி. வண்டி திரும்பற நேரத்துல எழுத்து அடிக்க முடியாது. அதனால 640 பிக்சல் வரிக்கு 800 பிக்சல் நேரம், 480 வரிக்கு 525 வரி நேரம் ஒதுக்கினாங்க. இந்தக் காலி நேரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. துப்பாக்கி செத்த பிறகும் அதோட ஆவி ரொம்ப நாள் சுத்துச்சு.

விஜிஏ அனலாக். அதனால அதுக்குக் கறாரான உச்சவரம்பு கிடையாது. கேபிளும் சிப்பும் எவ்வளவு நல்லதோ அவ்வளவு போகலாம். 1990கள் முடியறதுக்குள்ள அதே 15 பின்னுல 2048 × 1536 வரைக்கும் ஓட்டினவங்க உண்டு. ஓரமெல்லாம் லேசா மங்கும், ஆனா 'முடியாது'ன்னு மூஞ்சில அடிக்காது.

மூஞ்சில அடிச்சது டிஜிட்டல்தான்.

* * *

1999 ஏப்ரல்ல டிவிஐ வந்துச்சு. இன்டெல், சிலிகான் இமேஜ், காம்பேக், புஜிட்சு, எச்பி, ஐபிஎம், என்ஈசி எல்லாம் கூடி உக்காந்து போட்ட தரம். எல்சிடி மானிட்டர் வர ஆரம்பிச்ச காலம். கம்ப்யூட்டர்ல இருக்கற டிஜிட்டலை அனலாக்கா மாத்தி, கேபிள்ல அனுப்பி, மானிட்டர்ல மறுபடி டிஜிட்டலாக்கற கூத்து எதுக்கு, நேரா அனுப்புவோம்னு ஒரு நியாயமான யோசனை.

ஆனா ஒரு கேபிள் இணைப்புக்கு 165 மெகாஹெர்ட்ஸ்னு கோடு போட்டுட்டாங்க. 1999ல எல்லாரும் 1024 × 768ல இருந்தப்போ 165ங்கிறது சமுத்திரம். யாரு இதைத் தாண்டப் போறா?

நாலு வருஷத்துக்குள்ள இடிச்சுச்சு. 1920 × 1200 மானிட்டர்கள் வந்துச்சு. அதை 60 தடவை பெருக்கினா 13 கோடியே 82 லட்சம். 165க்குள்ள அடங்கிடும். ஆனா துப்பாக்கி திரும்பற காலி நேரத்தைப் பழைய கணக்குப்படி சேர்த்தா 193 மெகாஹெர்ட்ஸ். வாசல்ல முட்டுது!

எல்சிடிக்குள்ள துப்பாக்கியே கிடையாது. இல்லாத துப்பாக்கி திரும்பி வர்றதுக்குக் காத்திருந்திருக்கோம் :-)

2003ல வீசா அமைப்பு (பாஸ்போர்ட் ஆபீஸ் வீசா இல்லீங்க, மானிட்டர் தரம் வகுக்கிறவங்க) காலி நேரத்தைக் குறைச்சு ஒரு புதுக் கணக்கு போட்டுச்சு. 193 இருந்தது 154 ஆச்சு. அதே கேபிள், அதே சிப், வாசல் ஒரு அங்குலம் அகலமாகல. உள்ள போறவன் தோள்ல இருந்த மூட்டையை இறக்கி வச்சான், அவ்வளவுதான். இந்தப் பரம்பரையில எனக்கு ரொம்பப் பிடிச்ச தந்திரம் இது.

* * *

இப்போ இந்தக் கதையோட கதாநாயகன் வரான்.

ஐபிஎம் ஆராய்ச்சிக்கூடத்துல ஒரு கூட்டம், ஸ்கிரீன்ல படிக்கிறது காகிதத்துல படிக்கிற மாதிரி இருக்கணும்னு உக்காந்திருந்துச்சு. 1998ல இன்ச்சுக்கு 200 பிக்சல்ல ஒரு மாதிரியைச் செஞ்சு காட்டினாங்க. எக்ஸ்ரே கண்டுபிடிச்சவரோட பேரை அதுக்கு வச்சாங்க, ராண்ட்ஜன். அப்புறம் 2001 ஜூன்ல கடைக்கே கொண்டுவந்துட்டாங்க: ஐபிஎம் டி220. 22.2 இன்ச், 3840 × 2400. இன்ச்சுக்கு 204 பிக்சல்.

மறுபடி படிங்க. 2001. நம்ம ஊர் பிரவுசிங் சென்டர்ல 800 × 600ல மணிக்கு முப்பது ரூபாய் கொடுத்துட்டு உக்காந்திருந்த வருஷம். நான் இப்போ வாங்கியிருக்கற மானிட்டரைவிட அதுல பிக்சல் அதிகம்! விலை சுமார் 22,000 டாலர். அன்னிக்கு ரூபாய்ல பத்து லட்சம்.

ஆனா பாருங்க, 92 லட்சம் பிக்சலை அனுப்ப அன்னிக்கு இருந்த வாசல் 165 மெகாஹெர்ட்ஸ் டிவிஐ. ஒரு கேபிள்ல அனுப்பினா நொடிக்கு 20 தடவைகூட படம் மாறாது. மவுஸை நகர்த்தினா அது பின்னாடியே ஊர்ந்து வரும். அதனால நாலு டிவிஐ கேபிளைப் போட்டாங்க. ஸ்கிரீனை நெடுக்க நாலு பத்தியா பிரிச்சு, ஒவ்வொண்ணும் 960 × 2400, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கேபிள். மேட்ராக்ஸ் கம்பெனியோட நாலு வாய் வச்ச கார்டு ஒண்ணையும் கூடவே கொடுத்தாங்க. இவ்வளவும் பண்ணி நொடிக்கு 41 தடவை.

காகிதம் மாதிரி படிக்கணும்னு அவங்க ஆசைப்பட்டதுல தப்பே இல்ல. கண்ணாடித் தகடும் தயார். ஆனைதான் பூந்துடுச்சே, வால்ல மாட்டிக்கிச்சு. அந்த மாடல் வரிசை 2005 வாக்குல நின்னுபோச்சு.

2004 ஜூன்ல ஆப்பிள் 30 இன்ச் சினிமா டிஸ்ப்ளே கொண்டுவந்துச்சு. 2560 × 1600. அதுக்கு 268 மெகாஹெர்ட்ஸ் வேணும். டிவிஐ தரத்துலயே ஒளிஞ்சிருந்த இன்னொரு வசதியை, ஒரே சொருகியில ரெண்டு ஜோடி பாதை ஓட்டற இரட்டை இணைப்பை, எடுத்துப் பயன்படுத்தினாங்க. ஆனா அதுக்கு ஸ்பெஷல் கார்டு வேணும். டெஸ்க்டாப் வச்சிருந்தவங்க பழசைக் கழட்டிப் புதுசைச் சொருகினாங்க. லேப்டாப் வச்சிருந்தவங்க? 2005ல வந்த சில பவர்புக் மாடல்கள்ல மட்டும் அந்த இரட்டை இணைப்பு இருந்துச்சு. மத்தவங்க ஷோரூம்ல நின்னு வேடிக்கை பாத்தாங்க.

லேப்டாப்போட சாபம் இதுதான் மக்களே. டெஸ்க்டாப்ல வாசல் கழட்டி மாட்டற கதவு. லேப்டாப்ல அது சுவரோட சேர்த்துக் கட்டினது. எந்த வருஷம் வாங்கினீங்களோ அந்த வருஷத்து ஆளுங்க 'இது போதும்'னு நெனச்ச நம்பர், ஈயம் ஊத்தி ஒட்டினது, கடைசி வரைக்கும் அதுதான்.

* * *

2006 மே மாசம் டிஸ்ப்ளேபோர்ட்டோட முதல் தரம் வெளிவந்துச்சு. இது பழைய பிக்சல் க்ளாக் பழக்கத்தை விட்டுட்டு, நெட்வொர்க் மாதிரி பொட்டலம் கட்டி அனுப்பற முறை. அப்பாவோட லேப்டாப்புல இருக்கறது இதோட 1.1 பதிப்பு. நாலு பாதை, ஒவ்வொண்ணும் 2.7 ஜிகாபிட். கழிவு போக 8.64 ஜிகாபிட் உருப்படியா தேறும். 2560 × 1440க்கு சுமார் 5.8 ஜிகாபிட் போதும். அதனாலதான் அது வரைக்கும் பேசாம வந்துச்சு. 4கேவை 60 தடவை அனுப்ப 12 ஜிகாபிட்டுக்கு மேல வேணும். முட்டிக்கிச்சு.

2010 ஜனவரில வந்த டிஸ்ப்ளேபோர்ட் 1.2 இதை இரட்டிப்பாக்குச்சு, 17.28 ஜிகாபிட். ஆனா காகிதத்துல தரம் வர்றதுக்கும் அது சிப்புக்குள்ள வர்றதுக்கும் நடுவுல சில வருஷம் ஓடிடும். இன்டெல் லேப்டாப் சிப்புகள்ல 1.2 வந்தது 2013ல, ஹாஸ்வெல் தலைமுறையில. எங்க பொட்டி 2011. ரெண்டே வருஷ வித்தியாசத்துல மாட்டிக்கிச்சு.

அந்த 2013லயும் வேடிக்கை தீரல. அப்போ வந்த ஆசஸ் பிக்யூ321 மாதிரியான முதல் 4கே மானிட்டர்கள் நொடிக்கு 60 தடவை ஓடறதுக்கு, தன்னை ரெண்டு 1920 × 2160 மானிட்டர்னு கம்ப்யூட்டர்கிட்ட பொய் சொல்லிச்சு. ஐபிஎம்காரன் நாலு பத்தியா பிரிச்சான், இவங்க ரெண்டு பத்தியா பிரிச்சாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு அப்புறமும் அதே வைத்தியம்!

* * *

சரி, லேப்டாப் சுவரை உடைக்க யாருமே முயற்சி பண்ணலயான்னா, பண்ணினாங்க. வரிசையா தோத்தாங்க.

2004ல என்விடியா எம்எக்ஸ்எம்னு ஒரு முறை கொண்டுவந்துச்சு. லேப்டாப்புக்குள்ளயே கழட்டி மாட்டற கிராபிக்ஸ் கார்டு. கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒவ்வொரு கம்பெனியும் ஃபேனையும் செம்புக் குழாயையும் தன் இஷ்டத்துக்கு வளைச்சதால ஒண்ணோட கார்டு இன்னொண்ணுல உக்காரல. உக்காந்தாலும் பயாஸ் அடையாளம் தெரியலன்னு கைவிரிச்சுச்சு.

2007 ஆரம்பத்துல ஆசஸ் எக்ஸ்ஜி ஸ்டேஷன்னு ஒரு பொட்டியைக் காட்டுச்சு. லேப்டாப் பக்கவாட்டுல எக்ஸ்பிரஸ்கார்டுன்னு ஒரு பொந்து இருக்குமே, அதுல சொருகற வெளிக் கார்டு. கடைக்கு ஒழுங்கா வந்தே சேரல. 2008ல ஏஎம்டி எக்ஸ்ஜிபின்னு தனியா ஒரு சொருகியே செஞ்சுச்சு. புஜிட்சு சீமென்ஸோட ஆமிலோ மாடலோட வந்துச்சு, அதோட அடங்கிடுச்சு. 2011ல சோனி வையோ ஜெட் மாடலுக்கு வெளியில கார்டு வச்ச ஒரு டாக் கொடுத்துச்சு. எல்லாமே ஒரு கம்பெனி, ஒரு மாடல், ஒரு சீசன். தண்டர்போல்ட் 3 வந்த 2015க்கு அப்புறம்தான் வெளிக் கார்டு ஒரு பொது வழியாச்சு. அதுவும் புது லேப்டாப்புக்குத்தான். பழசு வச்சிருக்கறவனுக்கு அதனால என்ன பிரயோஜனம்?

இன்னொரு பக்கம், 2003ல இங்கிலாந்தோட கேம்பிரிட்ஜ்ல ஆரம்பிச்ச ஒரு சின்ன கம்பெனி வேற மாதிரி யோசிச்சுச்சு. வாசல் சின்னதா இருந்தா ஜன்னல் வழியா போவோம். படத்தைச் சுருக்கி யூஎஸ்பி வழியா அனுப்பி, அந்தப் பக்கம் ஒரு சிப் விரிச்சுக் காட்டும். 2006ல டிஸ்ப்ளேலிங்க்னு பேர் மாத்திக்கிட்டாங்க. 2020ல சினாப்டிக்ஸ் வாங்கிடுச்சு. நல்ல வழிதான். ஆனா 4கேக்கு யூஎஸ்பி 3.0 வேணும். எங்க பொட்டியில இருக்கறது 2.0. இந்தக் கதவும் சாத்திடுச்சு.

மிச்சம் இருந்தது அந்தப் பொந்து ஒண்ணுதான்.

* * *

எக்ஸ்பிரஸ்கார்டு. 2003ல வந்தது. டேட்டா கார்டு போட அந்தக் காலத்துல பயன்பட்டிருக்கும். அப்பா அதுக்குள்ள விசிட்டிங் கார்டு சொருகி வச்சிருந்தார். நிஜமா!

அந்தப் பொந்துக்குப் பின்னாடி இருக்கறது பிசிஐ எக்ஸ்பிரஸோட ஒரு பாதை. டெஸ்க்டாப்ல கிராபிக்ஸ் கார்டு உக்கார்ற அதே சங்கதி, பதினாறு பாதைக்குப் பதிலா ஒண்ணே ஒண்ணு. 2011 மாடல்ல அது நொடிக்கு 500 மெகாபைட்.

இங்கதான் நான் ரெண்டு நாள் குழம்பினேன். ஒரு 4கே படம் 33 மெகாபைட். நொடிக்கு 60 படம்னா 2 ஜிகாபைட். 500 மெகாபைட் பொந்துக்குள்ள அது எப்படி நுழையும்?

நுழைய வேண்டாம். அதுதான் விஷயம். படம் இருக்கறது கார்டோட சொந்த மெமரியில. அங்கேருந்து மானிட்டருக்கு 60 தடவை அனுப்பறது கார்டோட சொந்த வாசல். லேப்டாப்புலேருந்து பொந்து வழியா போறது 'இங்க ஒரு எழுத்தைப் போடு, அங்க ஒரு கோட்டைக் கிழி'ங்கிற உத்தரவு மட்டும். பூசணிக்காயை ஜன்னல் வழியா கடத்த வேண்டாம், விதையை நீட்டினா போதும். கேம் ஆடறவனுக்கு இந்த ஒத்தைப் பாதை பத்தாது. பத்திரிகை அடிக்கிறவருக்கு தாராளம்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல ரெண்டாங்கை ஜிடி 1030 கார்டு ஒண்ணு புடிச்சேன். 2017ல வந்தது, 30 வாட்தான் சாப்பிடும், எச்டிஎம்ஐ 2.0 இருக்கறதால 4கே 60 தடவை ஓடும். எக்ஸ்பிரஸ்கார்டுலேருந்து கார்டுக்கு மாத்தற அடாப்டர் பலகை ஆன்லைன்ல. அந்தப் பலகையில ஒரு கூத்து. லேப்டாப்புக்கும் பலகைக்கும் நடுவுல வர்றது பாக்க எச்டிஎம்ஐ கேபிள் மாதிரியே இருக்கும். ஆனா அதுல ஓடறது எச்டிஎம்ஐ இல்ல, பிசிஐ சிக்னல். மறந்துபோய் டிவில சொருகிடாதீங்க. கரண்டுக்குப் பரண்ல கிடந்த பழைய டெஸ்க்டாப் எஸ்எம்பிஎஸ். என்விடியாவோட 32 பிட் டிரைவர் 2018ல நின்னுடுச்சு, நல்லவேளையா இந்தக் கார்டு அதுக்கு முந்தியே பிறந்துடுச்சு.

மாட்டி ஆன் பண்ணினா, கார்டைக் கண்டுபிடிச்சுது. பக்கத்துலயே மஞ்சள் முக்கோணம். கோட் 12, போதிய இடம் இல்ல.

32 பிட் விண்டோஸ்ல மொத்த முகவரியே 4 ஜிபிக்குத்தான். தெருவுல கதவு நம்பர் மாதிரின்னு வச்சுக்கோங்க. 2 ஜிபி ரேம் குச்சி ரெண்டு ஏற்கெனவே தெருவை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. புதுசா வந்த கார்டு தனக்கு வரிசையா ஒரு பெரிய இடம் கேக்குது. தர முடியல. ஒரு ராத்திரி பூரா முட்டிமோதினேன். விடியக்காலம் மூணு மணிக்கு ஒரு ரேம் குச்சியைக் கழட்டினேன். முக்கோணம் போயிடுச்சு. கிராபிக்ஸை உயர்த்த மெமரியைப் பாதியாக்கின ஒரே இன்ஜினியர் நானாத்தான் இருக்கும். பேஜ்மேக்கருக்கு 2 ஜிபியே மாளிகை, பரவாயில்ல.

3840 × 2160. 60 ஹெர்ட்ஸ். வந்துடுச்சு.

* * *

வந்ததும் அடுத்த பூதம். விண்டோஸ்ல எழுத்தளவை 150 சதவீதம் வச்சா, பேஜ்மேக்கர் மாதிரி பழைய மென்பொருளை அது சின்னதா வரைய விட்டு, அந்தப் படத்தை நீட்டிக் காட்டுது. திரும்பவும் மங்கல்! இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்து கரையில கவுந்த கதை. நீட்டாதேன்னு அந்த மென்பொருளுக்கு மட்டும் டிக் போட்டா, பக்கம் பளிச்சுனு வருது, ஆனா மெனு எல்லாம் எறும்பு சைஸ். எனக்கே கிட்டப் போய்த்தான் படிக்க முடியுது. அறுபது வயசுக்காரர் எப்படிப் படிப்பார்?

தொங்கிப்போன மூஞ்சியோட அப்பாகிட்ட சொன்னேன். "பக்கம் நல்லா தெரியும்ப்பா. ஆனா மெனு ரொம்பப் பொடிசா இருக்கும். வேற ஏதாவது வழி பாக்கணும்."

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தார். ஒரு பழைய ஃபைலைத் திறந்தார். கை பாட்டுக்கு கீபோர்டுல போச்சு. கன்ட்ரோல் அது, ஷிஃப்ட் இதுன்னு, எழுத்துரு மாத்தினார், இடைவெளி மாத்தினார், பக்கத்தை முழுசாக்கினார். கண்ணு பக்கத்தை விட்டு நகரவே இல்ல.

"மெனுவை எவன்டா பாக்கறான்? கைக்குத் தெரியும்."

இருபத்தஞ்சு வருஷம்! நான் ஒரு ராத்திரி முழுக்கக் கவலைப்பட்ட விஷயம் அவருக்கு ஒரு விஷயமே இல்ல.

அப்புறம் அந்தச் செல்வன் ஃபைலைத் திறக்கச் சொன்னேன். திருத்தாத பழைய ஃபைல், அவர் அழிக்காம வச்சிருந்தார். ஏன் வச்சிருந்தார்னு நான் கேக்கல. முழுப் பக்கமும் ஸ்கிரீன்ல. பெரிசு பண்ணல, நகர்த்தல. ரெண்டு நொடி பாத்தார். விரலை நீட்டி ஸ்கிரீன் மேல, சரியா அந்த 'ல' தலைக்கு மேல, வச்சார்.

"இங்க இல்லடா."

அப்புறம் அதே பக்கத்துல கீழ, வரவேற்பாளர்கள் பட்டியல்ல இன்னொண்ணு காட்டினார். 'சுந்தரம்'ல 'ந்'க்குப் புள்ளி இல்ல. மறுபடி அடிச்சுக் கொடுத்த 500லயும் அது அப்படியேதான் போயிருக்கு. யாருமே பாக்கல. அப்பா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சுந்தரம் வீட்டுக்காரங்க நல்லவங்க, விட்டுட்டாங்க போலன்னு சொல்லிட்டு, அந்த ஃபைலைத் திருத்தி சேமிச்சார். யாருக்கும் இனிமே தேவைப்படாத பத்திரிகை. இருந்தாலும் திருத்தினார்.

கடையை மூடறதைப் பத்தி இப்போ பேச்சே இல்ல. ஆவணி முகூர்த்தத்துக்கு ஆர்டர் வாங்கியிருக்கார்.

டிஸ்கி 1: அந்த லேப்டாப் விண்டோஸ் 7. 2020 ஜனவரியோட அதுக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்னுடுச்சு. அதனால இன்டர்நெட் ஒயரைப் புடுங்கிட்டேன். பென்டிரைவ்ல ஃபைல் எடுத்துப் போறதுதான். நீங்களும் இப்படி ஏதாவது வச்சிருந்தா அதையே செய்யுங்க.

டிஸ்கி 2: உங்க பொட்டியில எந்தப் பொந்துல என்ன சொருகியிருக்குன்னு ஒரு தடவை பாத்துடுங்க. அப்பாவோட விசிட்டிங் கார்டை இப்போ சட்டைப் பைக்கு மாத்தியாச்சு.